வருஷப் பிறப்பில் மருந்து கூடாது

எங்கள் வீட்டில் சுடுதண்ணீருக்குப் பஞ்சமே இருந்ததில்லை, டாக்டர். பெரிய பிளாஸ்க் இரண்டு, சின்னது ஒன்று, மூன்றும் எந்நேரமும் நிறைந்திருக்கும். நிரப்பி வைப்பவர் என் கணவர் ஹொங்லெய்தான். அவரை ஏன் இவ்வளவு தாமதமாகக் கொண்டுவந்தீர்கள் என்று நீங்கள் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த பிளாஸ்க்குகள்தான்.

நான் நின்றபடியே சொல்கிறேனே. உட்கார்ந்தால் அடிவயிறு இழுக்கும். நடந்தாலும் இழுக்கும்தான், ஆனால் நடக்கும்போது வேறு எதையாவது நினைத்துக்கொள்ளலாம். நான் இப்படி ஜன்னலுக்கும் கதவுக்குமாகப் போய் வருவது உங்களுக்கு எரிச்சலாக இருந்தால் சொல்லுங்கள். நிறுத்த முடியாது. மெதுவாக நடக்கிறேன்.

சினைப்பையில் கட்டி என்று எனக்கு ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போய்விட்டது, வெளித்தழும்பும் அழகாக ஆறிவிட்டது. உள்ளே ஆறியதுதான் கோளாறாகிப் போயிற்று. குடலும் கருப்பையும் மூத்திரப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இரண்டாவது முறை வயிற்றைத் திறந்து பிரித்துவிட்டார்கள். மறுபடியும் ஒட்டிக்கொண்டது. "தொறக்கத் தொறக்க ஒட்டத்தான் செய்யும்மா, பழகிக்கங்க" என்றார் அந்தப் பெரிய டாக்டர். நல்ல மனிதர். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தேன், அதை விட்டேன். பக்கத்து ஊரில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போவதையும் விட்டேன். ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு பள்ளமும் என் வயிற்றுக்குள் தெரியும்.

ஹொங்லெய் துறைமுகத்தில் படகு என்ஜின் பழுதுபார்ப்பவர். அவருக்கு எல்லாமே என்ஜின்தான். "அதான் பிரிச்சு விட்டாங்கள்ல? ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்ல. சத்தமும் வரல, புகையும் வரல, அப்புறம் என்னடி கோளாறு? எல்லாம் மனசுதான். சுடுதண்ணி குடி" என்பார். சொல்லிவிட்டுத் தானே ஊற்றிக்கொண்டு வந்து இரண்டு கையாலும் நீட்டுவார். அவர் கெட்டவர் இல்லை, டாக்டர். அதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு முறை நண்பர்களோடு சாப்பிடும்போது, "எங்க வீட்டம்மா வயிறு வானிலை அறிக்கை மாதிரிப்பா. தெனம் புயல் எச்சரிக்கை, ஒரு நாளும் மழை பெய்யல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வருஷப் பிறப்பன்று மருந்து எடுக்கக் கூடாது என்பது உங்கள் வீட்டிலும் இருக்கும். சில வருஷத்துக்கு முன்னால் அந்த நாளில் எனக்கு வலி தாங்கவில்லை, மாத்திரையை எடுத்தேன். "இன்னைக்குப் போட்டா வருஷம் பூரா போடணும்டி" என்று மாமியார் கத்தினார். ஹொங்லெய் அட்டையை என் கையிலிருந்து வாங்கி அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டார். என்னால் கையை மேலே தூக்க முடியாது, தூக்கினால் உள்ளே எல்லாம் சேர்ந்து இழுக்கும். அது அவருக்கும் தெரியும். அன்று முழுவதும் அந்த அலமாரியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வந்த விருந்தாளிகள், மருமகள் சுறுசுறுப்பானவள் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது ஆபரேஷனின்போது பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். குடல்வால் வெடித்தபின் வந்து சேர்ந்தவள். "முன்னாடியே வந்திருந்தா சின்ன ஓட்டையோட முடிஞ்சிருக்கும். இப்ப சீழ் எல்லா எடத்துக்கும் போயிருச்சு. இனி உங்களுக்கும் இந்தம்மா மாதிரி உள்ள ஒட்டிக்கலாம்" என்று டாக்டர் அவளிடம் என்னைக் காட்டித்தான் சொன்னார். வீட்டில் வயிற்றின் மேல் சுடுதண்ணீர்ப் பை வைத்ததற்காகத் திட்டவும் செய்தார். அந்தப் பெண் எனக்கு இன்னொன்றும் சொன்னாள். "திடீர்னு வலி விட்டுருச்சுக்கா. ஆகா, சரியாப் போச்சுன்னு எந்திரிச்சு உக்காந்தேன். அப்பதான் உள்ள வெடிச்சிருக்கு."

இந்த வருஷம் பிறப்புக்கு முந்தின ராத்திரி மூவரும் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தோம், அவர்கள் உட்கார்ந்து, நான் மட்டும் நின்றுகொண்டு. அப்போது ஹொங்லெய் தொப்புளைப் பிடித்துக்கொண்டார். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். காலையில், வருஷப் பிறப்பன்று, வலி வலது பக்கம் கீழே இறங்கியிருந்தது. நிமிர்ந்து நடக்க முடியவில்லை. குடல்வால்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"யுன்ஷியா, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமா?" என்றார்.

"இன்னைக்கா?" என்றேன். மாமியார் காதில் விழும்படி கேட்டேன், அவ்வளவுதான்.

"அந்தப் பேச்சையே எடுக்காதடா! இன்னைக்கு அந்த வாசல மிதிச்சா வருஷம் பூரா மிதிக்கணும்" என்றார் மாமியார். ஹொங்லெய் அம்மா பேச்சைத் தட்டாதவர். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"ரொம்ப வலிக்குதுடி."

"ஸ்கேன் எடுத்தாலும் ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாம் மனசுதான். சுடுதண்ணி குடிங்க."

என்னைப் பார்த்தார். இதை எங்கே கேட்டோம் என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு குடித்தார். சுடுதண்ணீர்ப் பையையும் வயிற்றில் வைத்துக் கட்டிவிட்டேன். நீங்கள் இப்போது பேனாவை நிறுத்திவிட்டீர்கள். ஆமாம், வைக்கக் கூடாது என்று தெரிந்துதான் வைத்தேன்.

மறுநாள் அவருக்கு வலி விட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்து சிரித்தார், சாப்பிடக் கேட்டார். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? ஒன்ன மாதிரி வருஷக்கணக்காவா படுத்துட்டேன்? ஒரே நாளு, எந்திரிச்சுட்டேன்!" என்றார் ஹொங்லெய் என்னிடம். அப்போதாவது நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன். இல்லை, அப்போதும் கூப்பிட்டிருக்க மாட்டேன். உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. மிச்சமிருந்த கொழுக்கட்டையை எண்ணெயில் வாட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் காய்ச்சல் ஏறியது. மாமியார் கோவிலுக்குப் போயிருந்தார். நான் அவ்வப்போது ஹொங்லெய்யின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பலகை மாதிரி ஆகும்வரை பொறுத்திருந்தேன். பாதியில் கூப்பிட்டால் சின்ன ஓட்டையோடு முடித்து அனுப்பிவிடுவீர்கள். நீங்கள் கெட்டிக்காரர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆம்புலன்ஸில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் அலறினார். எனக்கும்தான் வலித்தது, நான் சத்தம் போடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படித்தான் இருக்குமா ஒனக்கு?" என்று கேட்டார். டாக்டர், கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. அழுதுவிட்டேன். கூட வந்த நர்ஸ், கணவன் மேல் இவ்வளவு பாசமா என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். பாசம்தான். வேறு என்ன?

போலீஸைக் கூப்பிடுவதென்றால் கூப்பிடுங்கள். இதையே அவர்களிடமும் சொல்கிறேன், நின்றபடியே. ஆனால் முதலில் உள்ளே போங்கள். பிழைப்பது கஷ்டம் என்று இன்னொரு முறை என்னிடம் சொல்லாதீர்கள். இப்போது அவர் படுவது இரண்டு நாள் வலி. இதோடு செத்துப்போனால் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? அவரை எப்படியாவது வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். எங்கே தொட்டால் வலிக்கும், எப்படிப் படுத்தால் இழுக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என்னைப் போல அவரை வேறு யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது.