எட்டு நாளில் உருண்ட தலை

எஸ்டேட் ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் நர்ஸம்மாவிடம் சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த மருந்துச் சீட்டைப் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

“இது என்ற கொழந்தை இல்லீங்கம்மா. இங்க யாரோ மாத்திப்போட்டாங்க.”

அவன் மனைவி பக்கத்துப் பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். “நேத்திருந்து எங்களை ஊட்டுக்குள்ளயே விடலீங்க” என்றாள்.

“பொறந்தன்னிக்கு நானே பார்த்தனுங்க. தலை பப்பாளிக்காயாட்ட நீட்டமா இருந்துச்சு. தொட்டா உச்சியில மேடு தட்டுச்சு. அப்புறம் காப்பிப் பழம் பறிக்க மஞ்சக்குட்டைப் பக்கம் போயிட்டனுங்க. எட்டு நாள் கழிச்சு வந்தா, எலுமிச்சம்பழமாட்ட உருண்டையா இருக்குது!”

“கூறுகெட்டவனே!” என்றார் நர்ஸம்மா. “கொழந்தை மண்டை நம்மளதாட்ட ஒட்டுன ஓடில்ல. எலும்பு தனித்தனியா இருக்கும். பொறக்கறப்ப வழி பத்தாம ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். நீ தொட்ட மேடு அதுதான். வெளிய வந்தப்புறம் அதது எடத்துக்குப் போயிரும்.”

“எலும்பு நகருமுங்களா?” அவன் தன் தலையையே தொட்டுப் பார்த்தான்.

“கொழந்தை உச்சியில மெதுவா விரலை வெச்சுப் பாரு. அங்க இன்னும் மூடல.”

வைத்தவன் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான். “துடிக்குதுங்கம்மா!”

பிறகு மனைவியிடம் இரண்டு கைகளையும் நீட்டினான். “குடு புள்ள, தூக்கறேன்.”

அவள் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

“மாத்துன கொழந்தை உங்களுக்கு எதுக்குங்க?”