அடித்துத் திருத்தியதை அப்படியே விட்ட மடல்

முரண்டு பிடிக்கும் மனங்களை முறுவலால் வென்ற முனைவர் முரியல் மக்கஸ்கில் அம்மையீர்! யார்மத் துறைமுகத் தெருவில் மூடுபனி விலகுமுன்னே வந்து கதவு திறக்கும் கடமைச் செல்வியே! குறையே கூடாதென்று தம்மைத் தாமே குற்றக் கூண்டில் நிறுத்திக்கொண்டோர்க்கெல்லாம் விடுதலை வாங்கித் தந்த வித்தகியே! வணக்கம்.

முப்பது ஆண்டுகள் — இல்லை, அடித்துத் திருத்துகிறோம் — முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் மனநல நிலையத்தில் நீங்கள் ஆற்றிய அரும்பணியை ஒரே தாளில் அடக்க முயல்கிறோம். அடித்த இடம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். வேறு தாள் எடுக்கவில்லை. ஏன் என்பதை மடல் முடியுமுன் சொல்லிவிடுகிறோம்.

அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்னும் நீண்ட பெயரை நீங்கள் உச்சரித்ததே அபூர்வம். மனம் ஒன்றைச் சொல்லி மிரட்டுகிறதா, செய்து பார்த்து அது மெய்தானா என்று சோதிப்போம், அவ்வளவுதான் என்பீர்கள். படகின் பெயரைப் பதினொரு முறை அழித்து எழுதி, சிங்கி இறால் பிடிக்கும் கூடுகளைக் கடலில் இறக்கும் முதல் நாளையே கோட்டைவிட்ட படகுக்காரரை, மறு ஆண்டு எழுத்து கோணலாக இருக்கும்போதே கடலுக்கு அனுப்பினீர்கள். கூடு நிறையக் கொண்டுவந்தவர், அந்தக் கோணல் எழுத்தைக் காட்டித் துறைமுகமெங்கும் சொல்லிச் சிரிக்கிறார். எங்களை மட்டும் விட்டீர்களா? அலுவலகக் கூட்டத்துக்கு, நடுவில் குழிந்துபோன கேக்கையே கொண்டுவந்து, எங்கள் முகம் போகும் போக்கை ஓரக்கண்ணால் பார்ப்பீர்கள். சுளித்தவருக்கு இரண்டாவது துண்டு கட்டாயம்.

பெருமைக்குரியவரே! உங்கள் திறத்துக்குச் சான்று சொல்ல வெளியில் ஆள் தேட வேண்டியதில்லை. வரவேற்பு மேசையில் ஒன்பது ஆண்டுகளாக வீற்றிருக்கும் எங்கள் ஒடெட் சுரெட் போதும். தம் கதையை உங்கள் பணி ஓய்வு விழாவின் இந்த மேடையில் சொல்லியே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தவரும் அவரேதான்.

உங்களிடம் முதன்முதலில் வந்தபோது ஒடெட் ஊர்ப் பத்திரிகையில் பிழை திருத்துபவர். தங்கை ஜனீனின் கணவர் மாங்க்டன் நகரில் இறந்துபோக, அடக்கத்துக்குப் போன ஒடெட் வாயடைத்து நின்றுவிட்டுத் திரும்பினார். பொருத்தமாக ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்று நினைத்தார். முதல் வரியே பிடிக்கவில்லை. ஒரு மாதம் ஓடியதும், துக்கத்தோடு தாமதத்துக்கும் சேர்த்துச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. நாள் போகப் போக, கடிதம் இன்னும் நன்றாக இருந்தாக வேண்டியதாயிற்று. இழுப்பறையில் நாற்பத்தொரு பிரதிகள் சேர்ந்தன. இரண்டு கிறிஸ்துமஸ் கழிந்தன. ஜனீன் தொலைபேசுவதை நிறுத்திவிட்டார். இருந்த ஒரே உடன்பிறப்பையும் ஒடெட் இழக்கவிருந்தார்.

நீங்கள் எடுத்த எடுப்பில் கடிதத்தைத் தொடவில்லை. எழுதியதை மறுபடி படிக்காமல் அனுப்புவதற்கு, பால்காரருக்கு ஒரு சீட்டு, மேலாளருக்கு ஒரு குறிப்பு என்று ஆறு வாரம் பழக்கினீர்கள். பிறகுதான் உங்கள் வழக்கமான தாளை நீட்டினீர்கள். மேல்பாதியில், அஞ்சுவது என்ன, அது நடக்கும் என்று எத்தனை விழுக்காடு நம்புகிறோம் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். கீழ்ப்பாதியில், பின்னர் நடந்தது என்ன என்று எழுத வேண்டும். "ஒழுங்கா நாலு வரி எழுத உனக்கு ரெண்டு வருஷமா என்று ஜனீன் கேட்பாள்: தொண்ணூற்றைந்து விழுக்காடு" என்று ஒடெட் எழுதினார்.

"தப்பா எழுதிட்டா, நான் ஒரு நல்ல அக்காவே இல்லன்னு ஆயிடும், டாக்டர்," என்றார்.

"எழுதாமலே இருந்தா என்னன்னு ஆகும், ஒடெட்?" என்று கேட்டீர்கள். மணி அடிப்பதற்குள் கடிதத்தை முடிக்கச் சொல்லி, முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் மணியைப் பத்து நிமிடத்துக்குத் திருகி மேசைமேல் வைத்துவிட்டு, ஜன்னலோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டீர்கள்.

பதற்றத்தில் தேநீர்க் கோப்பை சரிந்து கடிதத்தின் தலைப்பில் கொட்டியது. மணி அடித்தது. ஒடெட் அதைத் துடைத்து, உறையிலிட்டு, தபால்பெட்டிவரை நடந்து போய்ப் போட்டார். ஐந்தாம் நாள் தொலைபேசி ஒலித்தது.

"அக்கா, என் பேரு மேலயே டீயக் கொட்டி வச்சிருக்க," என்றார் ஜனீன். "அதப் பாத்துட்டுத்தான் அழுதேன். நீ எனக்காக உக்காந்து தடுமாறியிருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சுது. எப்ப வர்ற?"

அன்று கீழ்ப்பாதியில் ஒடெட் எழுதியது ஒரே சொல்: "சனிக்கிழமை."

சிகிச்சை முடிந்து நான்காண்டுகள் கழித்து, இங்கே வேலைக்கு ஆள் தேவை என்றதும், ஒரே மூச்சில் விண்ணப்பம் எழுதி அனுப்பியவரும் அவர்தான். இன்று இம்மடலை எழுதிய கையும் அவருடையதே. அதே மணியை நாற்பது நிமிடத்துக்குத் திருகி வைத்தோம். ஆண்டுக் கணக்கைத் தவறவிட்டபோது புதுத் தாளை நோக்கிக் கை நீண்டதை நாங்கள் பார்த்தோம். நீண்ட கை திரும்பி வந்து, அடித்துத் திருத்தி, மேலே எழுதியதையும் பார்த்தோம். அம்மையீர், உங்கள் முப்பத்தோர் ஆண்டுப் பணி அந்தக் கைதான். அதை நினைக்கையில் எங்கள் நெஞ்சு நிமிர்கிறது.

நீங்கள் நோயற்ற நெடுவாழ்வு வாழ்க! விடிகாலை உறக்கம் வாய்க்க! அடுப்பிலிருந்து இறங்கும் கேக்குகள் யாவும் நடுவில் குழிந்தே இறங்குக!

சட்டமிட்ட இம்மடலோடு உங்கள் வழக்கமான தாள் ஒன்றையும் சேர்த்திருக்கிறோம். மேல்பாதியில் ஒடெட் எழுதியிருப்பது: "அடித்த இடத்தைப் பார்த்து எல்லாரும் முகம் சுளிப்பார்கள்: நாற்பது விழுக்காடு. மூன்றாம் வரிசையில் இருக்கும் ஜனீன் சுளிப்பாள்: சுழி விழுக்காடு." கீழ்ப்பாதியை உங்கள் கையெழுத்துக்காகக் காலியாக விட்டிருக்கிறோம். திரும்பி மூன்றாம் வரிசையைப் பார்த்துவிட்டு, நடந்ததை எழுதித் தாருங்கள்.

என்றும் உங்கள் அன்பில் திளைக்கும்
நிலையத்தார் அனைவரும்
(எழுதியவர்: ஒடெட் சுரெட், ஒரே தடவையில்)