தும்பி குடும்பத் திட்டத்தில் நான்கு பேர்

எனக்கு டிவி பார்க்கும் பழக்கம் கிடையாது. கல்லூரியில் படிக்கும்போதும் இல்லை, இப்போதும் இல்லை. அறந்தாங்கியில் ஒரு டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் வேலை. வீட்டுக்கு வந்தால் குளிப்பேன், சாப்பிடுவேன், படுத்துவிடுவேன்.

சப்-இன்ஸ்பெக்டர் சிவரஞ்சனி மேடம் பேப்பரும் பேனாவும் கொடுத்து, "நடந்தத நடந்தபடி எழுதுங்க சார், கதை வேணாம்" என்றார். கதை எழுதும் பழக்கமும் எனக்குக் கிடையாது.

புகார் கொடுத்தவர் என் மாமனார் ஆவுடையப்பன். ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். நான் அவரைக் கொன்றது உண்மை. அதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் புரியும்.

என் பெயர் சந்திரசேகர். மனைவி தேவிப்ரியா. போன ஆவணியில் காய்ச்சல் என்று படுத்தாள். புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். திரும்பக் கொண்டுவந்தோம். இதைப் பற்றி எழுத வேறு எதுவும் இல்லை.

தும்பி கம்பெனியைப் பற்றித்தான் எழுத இருக்கிறது. சிம் அவர்களுடையது. வீட்டுக்கு வரும் இன்டர்நெட், சீரியல் பார்க்கும் தும்பி டிவி, பணம் அனுப்பும் தும்பி பே எல்லாம் அவர்களுடையது. தனித்தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாது, குடும்பத் திட்டமாக வாங்கினால் மலிவு என்பதைக் கல்யாணமான புதிதில் தேவிதான் கண்டுபிடித்தாள். கணக்கு என் பெயரில். ஐந்து பேர் சேரலாம். நான், அவள், ஆவுடையார்கோவிலில் இருக்கும் அவள் அப்பா, அம்மா, தம்பி சந்தோஷ். "கூரை ரெண்டா இருந்தா என்னங்க, பாஸ்வேர்டு ஒண்ணுதானே" என்றாள்.

தும்பி டிவியைத் திறந்தால் ஐந்து பேருக்கும் ஐந்து முகங்கள் வரிசையாக வரும். ப்ரொஃபைல் என்று பெயர். மாமாவுக்குச் சிங்கம். அத்தைக்குத் தாமரை. சந்தோஷுக்கு ஹெல்மெட். தேவிக்கு மஞ்சள் ஆந்தை. எனக்கு வெறும் சாம்பல் வட்டம். "ஒங்களுக்குன்னு ஒரு மூஞ்சி வச்சுக்கங்களேன்" என்று அவள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வைக்கவில்லை. அவசியம் வரவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது தமிழில் பேசும் ஒரு கொரிய சீரியல். ஒரு எபிசோடின் நடுவில் விட்டிருந்தாள். பஸ் ஸ்டாப்பில் மழையில் ஒரு பையன் நிற்கிறான். கையில் குடை இருக்கிறது, விரிக்கவில்லை. கீழே ஒரு சிவப்புக் கோடு, முக்கால்வாசி தூரம் வந்து நிற்கிறது. தினமும் ஆந்தையை அழுத்தி அந்தப் படத்தைப் பார்ப்பேன். ஓடவிட மாட்டேன். நெட் வருகிறதா என்று சோதிப்பதற்காக மட்டும்தான். குடைக்கம்பி தெளிவாகத் தெரிந்தால் நெட் நன்றாக வருகிறது என்று அர்த்தம்.

அவள் போனைச் சார்ஜ் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அது ஓடிபிக்காக. தும்பி சில சமயம் அவள் நம்பருக்கும் ஓடிபி அனுப்பும்.

மேடம் இதுவரை எழுதியதை எட்டிப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் தெளிவாகத்தான் இருக்கிறேன். அவள் இறந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. பாங்கில் கேட்டார்கள், கொடுத்தேன். ரேஷன் கடையில் கேட்டார்கள், கொடுத்தேன். தும்பி கேட்கவில்லை. அத்தை அவள் படத்தைப் பெரிதாக்கி, ஒரு சந்தன மாலையும் வாங்கி வந்தார். படத்தை மாட்டிவிட்டேன். மாலை, சார்ஜர்கள் கிடக்கும் டிராயரில் இருக்கிறது. ஆணி சரியில்லை.

பிரச்சினை மல்யுத்தத்தில் ஆரம்பித்தது. ஒருநாள் ஆந்தையை அழுத்தினேன். 'தேவிப்ரியா, உங்களுக்காகவே' என்ற தலைப்பில், ரத்தம் வழிய இரண்டு தடியர்கள் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். குடை இரண்டாவது வரிசைக்குப் போயிருந்தது. மாமாவுக்குப் போன் செய்தேன்.

"மாமா, மல்யுத்தம் பாத்தீங்களா?"

"ஆமா மாப்ள. அந்தத் தாடிக்காரன் என்னா அடி அடிக்கிறான்! நீங்களும் பாக்குறீங்களா?"

"சிங்கத்துல பாருங்க மாமா. ஆந்தையில பாக்காதீங்க."

"கண்ணாடி போடாம எது சிங்கம் எது ஆந்தைன்னு எனக்கென்ன தெரியுது? எந்த மூஞ்சில பாத்தா என்ன மாப்ள, அடி அதே அடிதானே."

நான் கோபப்படவில்லை. சிங்கத்தைப் பெரிதாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சூப்பர் மாப்ள" என்று பதில் போட்டுவிட்டு, மறுநாளும் ஆந்தையில்தான் பார்த்தார்.

தை மாதம் தும்பியிலிருந்து ஒரு செய்தி வந்தது. தலைப்பு, 'உங்கள் குடும்பத்தை இன்னும் நெருக்கமாக்குகிறோம்'. இனிமேல் ஐந்து பேருக்குப் பதில் நான்கு பேர்தான். கட்டணம் நெருக்கமாகவில்லை, அப்படியே இருந்தது. யாரை நீக்குவது என்று நாமே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறைவாகப் பார்ப்பவரைத் தும்பியே நீக்கிவிடும். கணக்கு என் பெயரில் என்பதால் என்னைச் சேர்க்கவில்லை. எத்தனை மல்யுத்தம் ஓடியும், மீதி நாலு பேரில் குறைவாகப் பார்ப்பவள் தேவிதான் என்று பக்கத்திலேயே போட்டிருந்தார்கள்.

அந்த ஞாயிறு ஆவுடையார்கோவிலில் கோழிக்குழம்பு. சந்தோஷ்தான் பேச்சை எடுத்தான்.

"இதுல என்ன மச்சான் யோசனை? அக்காவோடத எடுத்துருவோம். அதுதான சும்மா கெடக்கு."

"என்னோடத எடு" என்றேன்.

"நீங்க ஓனரு மச்சான். ஒங்கள எடுக்க முடியாது."

மாமா எலும்பைக் கடித்தபடி, "இல்லாத புள்ளைக்கு எதுக்கு மாப்ள எடம்" என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. பிறகு இன்னும் ஒரு கரண்டி குழம்பு கேட்டார். அத்தை ஊற்றினார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நியாயமாக யோசித்துப் பார்த்தேன். அவர்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள். பார்ப்பதற்கு வயல் இருக்கிறது, கோயில் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது. தேவிக்கு இருப்பது கட்டைவிரல் அகலத்தில் ஒரு சதுரம். யாரை எடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

தும்பியில் மனிதர்களோடு பேச முடியாது. தும்பிக்குட்டி என்று ஒரு மிஷின்தான் பதில் சொல்லும். ஒருவரை நீக்க அவருடைய சம்மதம் வேண்டும், அவர் நம்பருக்கு ஓடிபி போகும் என்றது. 'உறுப்பினர் காலமாகிவிட்டார்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் சம்மதம் தேவையில்லை. அது இயல்புதான். சான்றிதழ் அனுப்பலாம், இல்லாவிட்டால் மாலையிட்ட நினைவுப் படம் போதும்.

மாமாவின் அறுபதாம் கல்யாணப் படம் என் போனில் இருந்தது. திருக்கடையூரில் எடுத்தது. ஆளுயர மாலை, நெற்றியில் பட்டை, போட்டோகிராபர் அசையாதீர்கள் என்று சொன்னதால் விறைத்த முகம். நம் ஊரில் மாலை எதற்கெல்லாம் போடுவார்கள் என்று தும்பிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. படத்தில் மாமாவை மட்டும் வெட்டி அனுப்பினேன். கண் சிமிட்டும் நேரத்தில் பதில் வந்தது. 'உங்கள் இழப்பில் பங்கெடுக்கிறோம். ஆவுடையப்பன் அவர்களின் அனைத்துச் சேவைகளும் நிறுத்தப்பட்டன. இந்த உரையாடல் உங்களுக்கு மகிழ்ச்சி அளித்ததா?'

ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன்.

அனைத்துச் சேவைகளும் என்பதில் சிம்மும் தும்பி பேயும் அடங்கும் என்பதைக் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

அடுத்த ஞாயிறு மாமா கறிக்கடையில் கறியை வாங்கிக்கொண்டு போனை நீட்டியிருக்கிறார். 'வாடிக்கையாளர் காலமாகிவிட்டார்' என்று வந்திருக்கிறது. கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க செத்துட்டீங்களாம்ல. கறிய எடுத்து வச்சுரவா?" என்று கேட்டாராம். மாமா அங்கிருந்து நேராக அறந்தாங்கி தும்பி சென்டருக்குப் போயிருக்கிறார். கவுண்டரில் காவ்யா என்ற பெண்.

"நீங்க வரக்கூடாது சார். ஒங்க வாரிசுதான் வரணும்."

"ஏம்மா, நாந்தான் முன்னாடி நிக்கிறனே!"

"சிஸ்டத்துல இல்லையே சார்."

கம்பெனிக்காரன் கோளாறு என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். மாமா இறந்ததாக அத்தை போனுக்கு அனுதாபச் செய்தி வந்தபோது மாமாவே அதை உரக்கப் படித்து எல்லோரும் சிரித்தார்களாம். இதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஐந்து நான்காகிவிட்டது. ஆனால் சிங்கம் போன பிறகு, சந்தோஷ் தன் போனை டிவியில் இணைத்து மாமாவை ஆந்தையிலேயே நிரந்தரமாக உட்காரவைத்துவிட்டான்.

சந்தோஷ் கபடியில் கோப்பை வாங்கியபோது போட்ட மாலையோடு ஒரு படம் இருந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். தும்பிக்குட்டி சற்று யோசித்தது. பிறகு ஏற்றுக்கொண்டது.

அன்று அவன் பைக்கில் திருச்சிக்குப் போயிருந்தான். எனக்குத் தெரியும், காலையில் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். அத்தைக்கு அனுதாபச் செய்தி போனது. முதல் தடவை சிரித்தவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பிள்ளை ரோட்டில் இருந்தான். போன் போட்டால் போகவில்லை. போகாது, நான்தான் நிறுத்தியிருந்தேன். அத்தை ஒரு காலில் மட்டும் செருப்போடு பஸ் ஸ்டாண்டு வரை ஓடினார் என்கிறார்கள். வருகிற பைக்கையெல்லாம் மறித்து முகத்தைப் பார்த்தாராம். சாயந்திரம் சந்தோஷ் பரோட்டா பார்சலோடு வந்து இறங்கினான். நான் ஷோரூமில் இருந்தேன். அன்று வேலை அதிகம்.

இரண்டு நாள் ஆந்தைப் பக்கம் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் நெட் வருகிறதா என்று பார்க்க அழுத்தினேன். பஸ் ஸ்டாப் இல்லை. மழை இல்லை. குடையும் இல்லை. அந்தப் பையன் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். சிவப்புக் கோடு கடைசியைத் தொட்டிருந்தது.

அத்தைக்குப் போன் செய்தேன்.

"நாந்தான் தம்பி பாத்தேன். புள்ள பாதியில விட்டுட்டுப் போயிருச்சேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நாமளாச்சும் முடிச்சு வைப்போமேன்னு பாத்தேன். அந்தப் பையன் கடைசில குடையை..."

"சொல்லாதீங்க அத்தை."

"இல்ல தம்பி, நல்லாத்தான் முடியுது, குடையை எடுத்து..."

போனை வைத்துவிட்டேன்.

அத்தைக்குத் தனியாகப் படம் தேட வேண்டியிருக்கவில்லை. திருக்கடையூர் படத்தில் மாமாவுக்கு வலப்பக்கம் நின்றவர் அவர்தான். மீதியை அனுப்பினேன். பிறகு சிவப்புக் கோட்டைப் பின்னால் இழுத்து, அந்தப் பையனைத் திரும்பக் கொண்டுபோய் மழையில் நிறுத்தினேன். சரியான இடம் அமைய வெகுநேரம் ஆனது. மற்ற எதற்கும் அவ்வளவு நேரம் ஆகவில்லை.

மாமா மறுபடி சென்டருக்குப் போனபோது காவ்யா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மூணு பேரையும் ஒங்க மருமகன்தான் சார் போட்டிருக்காரு" என்று சொல்லியிருக்கிறாள். அதனால் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏன் சார், பொண்ணப் பறிகொடுத்த ஒரு தாய, மகனும் செத்துட்டான்னு தெருவுல ஓடவிட்டு, அப்புறம் அவங்களயும் சாகடிச்சிருக்கீங்க. அதானே?" என்று மேடம் கேட்டார். சுருக்கம் சரியாக இருந்தது. ஆமாம் என்றேன். எந்தப் பிரிவில் போடுவது என்று ரைட்டர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். செத்தவர்களே வந்து புகார் கொடுப்பது இந்த ஸ்டேஷனில் முதல் தடவையாம்.

மேடம் நல்லவர். "எனக்கு கேஸ் வேணாம் சார். மூணு பேரையும் உயிரோட கொண்டாந்துருங்க. பெரியவரு வாபஸ் வாங்கிக்கிறேங்கிறாரு" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே மாமா, "எனக்கு சிம் மட்டும் போதும் மாப்ள, மல்யுத்தத்தையே விட்டுர்றேன்" என்றார். சந்தோஷ் பைக்கில் சாய்ந்து நிற்கிறான். மாமாவுக்குப் பின்னால் அத்தை, கையில் தூக்குச்சட்டி. "மாப்ளையச் சாப்பிடச் சொல்லுங்கம்மா. மொகமே வாடிக் கெடக்கு" என்று மேடத்திடம் சொன்னார்.

நான் போனை எடுத்தேன். 'தவறுதலாகக் காலமானவர்' என்று தும்பியில் ஒரு வசதி இருக்கிறது. அடிக்கடி நடக்கும்போல. மாமா வந்தார். சந்தோஷ் வந்தான். அத்தை வந்தார். உடனே தும்பிக்குட்டி, 'உங்கள் குடும்பத்தில் ஐந்து பேர் உள்ளனர். நான்கு பேருக்கே இடம் உண்டு. ஒருவரை நீக்கவும்' என்றது.

ஓனரை எடுக்க முடியாது என்று சந்தோஷ் சொன்னது பாதிதான் சரி. ஓனர் காலமானால் கணக்கு அவருக்கு அடுத்துச் சேர்ந்தவர் பெயருக்கு மாறிவிடும். அடுத்துச் சேர்ந்தவள் தேவி. எங்கள் கல்யாணப் படம் போனில் இருக்கிறது. இரண்டு பேருக்கும் மாலை. என் பாதியை மட்டும் வெட்டி அனுப்பினேன். தும்பியில் எனக்கென்று ஒரு முகம் வைத்தது அதுதான் முதல் தடவை.

மாமா, அத்தை, சந்தோஷ், தேவி. நான்கு பேர். இனி யாருக்கும் குறையில்லை.

என் போன் அடங்கிவிட்டது. வெளியே மூன்று போன்கள் ஒரே நேரத்தில் அடித்தன. மாமா, "அடப்பாவி மாப்ள" என்று கத்துகிறார். சட்டைப்பையில் தேவியின் போனும் ஒரு தடவை அதிர்ந்தது. நான் எடுத்துப் பார்க்கவில்லை. அவளுக்கு வந்ததை நான் படிப்பதில்லை.

தேவியின் இந்தப் போனைச் சாட்சிக்காக மேடத்திடம் ஒப்படைக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். எனக்கு இப்படி ஆகிவிட்டது என்று அவளிடம் பட்டென்று சொல்லிவிட வேண்டாம். அவள் தாங்க மாட்டாள்.