காவடிக்கு வந்த மயிலிறகு

உத்திரமேரூரில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் மடியில், பழைய வேட்டியில் சுற்றிய மயிலிறகுக் கட்டு.

"ஆடிக் கிருத்திகைக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஆமாக்கா. பையன் காவடி எடுக்கறான். எங்க வூட்டுக்காரரு கொல்லையில பொறுக்கியாந்தாராம்."

"வெதச்ச கடலையெல்லாம் மயிலு தின்னுட்டுதுன்னு கத்திக்கினு இருந்தாரே. எறகாவது குடுத்துட்டுப் போச்சு."

ஜன்னலோரத்துக்காரி மடியிலிருந்த கட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "தானா உதிர்ந்த எறகுல ரத்தம் இருக்குமாக்கா?"

"அதெப்படி இருக்கும்?"

அவள் வேட்டியின் முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். எட்டிப் பார்த்த எனக்கும் தெரிந்தது. காம்புகளின் அடியில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"அவர கேட்டியா?"

"கேட்டேன். பொறுக்கினதுதான்னு சொல்லிட்டு, மூஞ்சிகூட பாக்காம எழுந்து போய்ட்டாரு. சாமி ஏறிப்போற வாகனத்த அடிச்சிட்டு, அந்த சாமிக்கே காவடியா?"

"பையனுக்குத் தெரியுமா?"

"எங்கப்பா குடுத்த எறகுன்னு தெருவெல்லாம் காட்டிக்கினு கீறான். கடையில வேற வாங்கி மாத்திடலாம்னு வந்தேன். இத பாலாத்துல வுட்டுடணும்."

"ஆத்துல ஏதுடி தண்ணி?"

பஸ் பாலத்தில் ஏறியது. இருவரும் கீழே பார்த்தார்கள். மணல்தான் தெரிந்தது. அவள் வேட்டியை மறுபடி இறுக்கி முடிந்து, கட்டை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.