பதினோராம் நம்பர் சீட்

மாலை ஆறு நாற்பது. காட்டுக்குள் ஒற்றை ரோடு. அருவியிலிருந்து சஃபாரி கேம்ப்புக்குப் பதினெட்டு கிலோமீட்டர். நடுவில் ஒரு வீடு இல்லை, கடை இல்லை, போனில் சிக்னல் இல்லை. ஏழரைக்கு கேம்ப் கேட்டை மூடினால் விடிந்துதான் திறப்பார்கள்.

லைட் எரியட்டும், அணைக்க வேண்டாம்... வெளிநாட்டு டூருக்குப் பெயர் கொடுக்கலாம் என்று அந்த விளம்பரத்தாளை ஆளாளுக்குப் புரட்டினீர்களே, அதனால்தான் சொல்கிறேன். இது என் ஆபீஸ் நண்பனுடைய சகலைக்கு நடந்தது. நண்பன் கதை கட்டுகிறவன் இல்லை. கட்டுகிற அளவுக்கு அவனுக்குக் கற்பனையும் கிடையாது.

அந்தச் சகலைக்குக் காலேஜில் வைத்த பட்டப்பெயர் பிராக்சி. யார் குரலிலும் ‘பிரசென்ட் சார்’ சொல்லுவார். பேங்க் கேஷியராகித் தலை நரைத்த பிறகும் அந்த விளையாட்டு போகவில்லை. மனைவியோடு போன அந்த வெளிநாட்டு டூரில், பஸ்ஸில் முதல் நாளே கைடு மாதிரிப் பேசி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டார்.

அதிகம் சிரித்தது பதினோராம் நம்பர் சீட். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், தனியாக வந்தவர். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். “உங்கள மாதிரி எத்தனை பேரப் பாத்திருப்பேன்! தெரிஞ்சும் தெரியாத மாதிரி பிரசென்ட் போட்டுட்டுப் போயிடுவேன். பாவம், பசங்க...” என்றார்.

நல்ல மனுஷர். ஆனால் நடை மெதுவு. எங்கே நிறுத்தினாலும் கடைசி ஆளாக வருவார். மூன்றாம் நாளுக்குள் பஸ்ஸே அவரைப் பார்த்து உச்சுக்கொட்ட ஆரம்பித்திருந்தது.

அன்று அருவிச் சாரலுக்காக எல்லோருக்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டு கொடுத்திருந்தார்கள். பஸ் முழுக்க ஈர பிளாஸ்டிக் நாற்றம். கிளம்பும் முன் அவரவர் சீட் நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அதுதான் கைடு வைத்திருந்த வழக்கம். ஒன்று... இரண்டு... பத்து என்றார் பிராக்சி. அவருக்குப் பின்னால், பதினொன்றில்... சத்தமில்லை.

“ஐயோ, மறுபடியுமா! கேட்ட மூடிடுவாங்கய்யா!” என்று யாரோ கத்தினார்கள்.

பிராக்சி யோசிக்கவில்லை. மூச்சு வாங்கியபடி, வாத்தியார் குரலில்...

“பதினொன்னு.”

பன்னிரண்டு, பதிமூன்று என்று எண்ணிக்கை ஓடியது. பஸ் நகர்ந்தது. கைடு கண்டுபிடித்துச் சிரிப்பார் என்றுதான் நினைத்தாராம். ‘நிறுத்துங்க’ என்று சொல்ல நேரம் இருந்தது. அவர் பின் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வேண்டியிருக்குமே.

கேம்ப்பில் கூடாரச் சாவிகளைக் கொடுத்தபோது ஒன்று மிஞ்சியது. “பதினொன்னு குரல் கேட்டுச்சே!” என்றார் கைடு. “ஆமா, கேட்டுச்சு” என்றார்கள் எல்லோரும். பிராக்சி தலை குனிந்து நின்றார். கேட் பூட்டியாகிவிட்டது. கைடு எவ்வளவு கெஞ்சியும் காவலாளி இருட்டைக் காட்டித் தலையை ஆட்டிவிட்டான்.

விடிந்ததும் போனார்கள். அருவியருகே யாரும் இல்லை. ஒன்றரை கிலோமீட்டர் இந்தப் பக்கம், நடுரோட்டில், ஒரு ஷூ. இடது கால். பஸ் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார்... அந்த உடம்போடு. வேறு எதுவும் கிடைக்கவில்லை.

கேம்ப் சாப்பாட்டுக் கூடத்தில் விசாரணை. அதிகாரி கேட்டதைக் கைடு தமிழில் கேட்டார். “நேத்து பதினொன்னு சொன்னது யாரு?”

பிராக்சியின் மனைவி அவர் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். அவர் அந்தக் கையை விலக்கிவிட்டு எழுந்தார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

அவருக்குப் பின்னாலிருந்து, மூச்சு இரைக்க...

“நான்தான்.”

எல்லோரும் திரும்பினார்கள். பின்னால் வெறும் சுவர். ஈர பிளாஸ்டிக் நாற்றம் மட்டும் குப்பென்று வந்தது. பிராக்சி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ‘பயணி பதில் சொன்ன பிறகு தானாக இறங்கிவிட்டார்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தெரிந்தே பிராக்சிக்குப் பிரசென்ட் போட்டுவிட்டார் வாத்தியார்.

வீடு திரும்பி ஒரு மாதம். வாத்தியாருக்கு ஒரே மகள். அவளிடம் சொல்லிவிட்டால் போதும், அடித்தாலும் சரி என்று ஒரு சாயங்காலம் கிளம்பினார். மூன்றாம் மாடி. படிக்குப் படி வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறி, காலிங்பெல்லை அழுத்தினார்.

“யாரு?” என்றாள் உள்ளேயிருந்து.

அவர் வாயைத் திறக்கும் முன்... கீழ்ப்படியிலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு...

“நான்தாம்மா. வந்துட்டேன்.”

கதவு படாரென்று திறந்தது. அவள் இவரைப் பார்க்கவே இல்லை. இவரைத் தாண்டிப் படியைப் பார்த்தாள். படியில் ஆள் இல்லை. ஈரத் தடம் மட்டும். ஒரு படியில் ஷூ, அடுத்த படியில் வெறுங்கால்.

“அப்பா குரல்... உங்களுக்கும் கேட்டுச்சுல்ல?” என்றாள். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

“கேட்டுச்சும்மா” என்று சொல்லிவிட்டு, தடத்தை மிதிக்காமல் சுவரோரமாக இறங்கி வந்துவிட்டார்.

அந்த வீட்டுக் கதவை அவள் இன்றுவரை சாத்தவில்லையாம்.