பொம்மக்கா காத்த பூ

நம்ம பாட்டனுக்குப் பாட்டன் பொறக்குறதுக்கும் முந்தி நடந்தது, காதைக் கொடுத்துக் கேளுங்க. இதே முள்ளிப்பட்டியில பொம்மக்கான்னு ஒருத்தி இருந்தாளாம். ஆடு மேய்க்கிறவ. மூணு வருசம் மழையே இல்லையாம். ஆடு போச்சு, மாடு போச்சு, அடுப்புல பூனை தூங்குச்சாம். ஊரு எதைத் தின்னு உசுரை வச்சிருந்துச்சு? கள்ளிமுளையானைத் தின்னுதான். முள்ளுப்பொதருக்குள்ள இலையே இல்லாம, விரல் தண்டிக்குப் பச்சையா நிக்குமே, அதுதான். நாலு துண்டு மென்னா நாளெல்லாம் பசி தெரியாது.

பசிச்சவுக நுனியை மட்டுமா ஒடிச்சாக? வேரோட பிடுங்கினாக. பிடுங்கிப் பிடுங்கி, கடைசியில பாறைமேல ஒரே ஒரு பொதருலதான் மிச்சமாம். பொம்மக்கா போயிப் பார்த்தா, தண்டு நுனியெல்லாம் கருஞ்செவப்பாப் பூத்திருக்கு. அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சாம். சொட்டுத் தண்ணி காணாத பாறையில பூவா!

ஆட்டுக்கம்பைக் குறுக்கே போட்டு அங்கேயே உக்காந்துட்டா. "பூத்ததை ஒடிக்க விடமாட்டேன். இதுவும் போச்சுன்னா வித்தே இல்ல."

கொழுந்தன் சங்கன் வந்தானாம். "மதினி, புள்ளைக சாகுதுக. தள்ளு."

"என் புள்ளையும் அதுல ஒண்ணுதான்டா"ன்னாளாம்.

மக சீலக்கா வந்தா. "ஆத்தா, ஒரே ஒரு துண்டு." பொம்மக்கா பூப்பக்கம் கைய நீட்டினா. நீட்டின கைய மடக்கிக்கிட்டு அழுதாளாம். மகளுக்குக் கொடுத்துட்டா அப்புறம் யாரைத் தடுக்க? எறும்புவளையைத் தோண்டி, எறும்பு சேத்து வச்ச ஒரு பிடி புல்லரிசியைக் கொடுத்துத்தான் மக உசுரைப் பிடிச்சு வச்சாளாம். ஊரு பொம்மக்காவைப் பேயின்னு ஏசுச்சாம்.

பூ உதிர்ந்து, ஆட்டுக்கொம்பு மாதிரி ரெட்டை ரெட்டையாக் காய் விட்டுச்சு. ஒருநாள் உச்சிவெயில்ல பட்டுன்னு வெடிச்சுச்சாம். பஞ்சு கட்டின வித்து, வெள்ளை வெள்ளையா, காத்துல ஏறிக் காடு முழுக்கப் பறந்துச்சு. ஊரே வெளிய வந்து அண்ணாந்து நின்னுச்சாம். சங்கன் மதினியப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டானாம்.

பெறகு மழை பெஞ்சுச்சு. பொதருக்குப் பொதரு கள்ளிமுளையான். சீலக்கா மொத நுனியை ஒடிச்சு ஓடியாந்தா. பொம்மக்கா அப்போ பசியில எந்திரிக்க முடியாமக் கெடக்குறா. மக அதை ஆத்தா வாயில வைக்கவும் பொம்மக்கா கேட்டாளாம்: "பூவை ஒடிக்காம விட்டுட்டியாடி?"

"விட்டாச்சு ஆத்தா."

அதுக்கப்புறந்தான் மென்னாளாம்.

அந்தச் சீலக்கா வயித்து வம்சந்தான் நாம. இன்னைக்கும் கள்ளிமுளையான் ஒடிச்சா, பொம்மக்கா பாறையைப் பார்த்து, "விட்டாச்சு ஆத்தா!"ன்னு சத்தம் கொடுப்போம். பாறை அதைத் திருப்பிச் சொல்லும். அந்தச் சத்தம் வந்து சேர்ற வரைக்கும் ஒருத்தரும் வாயில வைக்கிறதில்ல.