மாமாவின் மூன்றாவது ரவுண்டு

"ஹலோ... கேக்குதா? இரு, இங்க ஒரே இரைச்சல்... ஆமா ஆமா, காலையிலயே வந்துட்டோம்... அப்பாவா? நல்லாத்தான் இருக்காரு... நிழல்லதான்... இருந்தாரு."

லிஃப்ட் மெக்கானிக் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பழைய டயர்களை அடுக்கிக் கட்டிய வேலியோரம் ஒதுங்கினான். இருபது மாடி உயரத்தில் லிஃப்டின் தலைமேல் நின்று வேலை செய்கிறவன். மனைவியிடம் பொய் சொல்ல மட்டும் துணிச்சல் வராது. கம்பெனி சுற்றுலாவுக்கு ஆளுக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்றிருந்தார்கள். நர்ஸான அவளுக்கு இன்று டியூட்டி. அதனால் அவளுடைய அப்பா வந்தார். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எட்டு மாதத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து வீட்டில் அவரை ஸ்கூட்டரைக்கூடத் தொட விடுவதில்லை.

"இப்பவா? வண்டியில இருக்காரு... பஸ்ஸில இல்லம்மா, இங்க சேத்துல ஓட்டறதுக்கு வாடகைக்கு விடற நாலு சக்கர பைக்ல... பின்னாடி இல்ல. முன்னாடி... ஆமா, அவர்தான் ஓட்டறாரு. மூணாவது ரவுண்டுக்கு வரிசையில நிக்கறாரு... கத்தாத, வார்டுல இருக்க... யாரு குடுத்தாங்களா?"

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நான்தான்... ஏறினேன், பத்தடி போனேன், அது என் பேச்சைக் கேக்கல. இறங்கிட்டேன்... ஆமா, எல்லாரும் பாத்தாங்க... ஆமா, சிரிச்சாங்க. உங்கப்பா எழுந்து வந்து, 'ஹெல்மெட்டைக் கழட்டுங்க'ன்னாரு... எப்படித் தடுக்கறது? எட்டு மாசமா 'ம்'முன்னு மட்டும் சொன்ன மனுஷன் முதல்தடவையா ஒரு முழு வாக்கியம் பேசறாரு... டாக்டர் ஓட்டலாம்னு போன மாசமே சொல்லிட்டாரே, நீதான் அவர்கிட்ட மறைச்ச... சரி, மறைக்கல. சொல்லல. சரி."

அவள் கேள்விகளை அடுக்க, அவன் ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கிக்கொண்டான்.

"மாத்திரை போட்டாச்சு... தண்ணி குடிச்சாரு... இன்னொண்ணு சொல்லணும், பதறாத. அவருக்கு ஒண்ணும் இல்ல. எங்க சூப்பர்வைசருக்குத்தான். ரெண்டாவது ரவுண்டுல எல்லாரையும் முந்தறேன்னு போயி சரிவுல கவுந்துட்டாரு. கால்மேல வண்டி... கூட ஓட்டிட்டு வர்ற வழிகாட்டிப் பையன் எங்கயோ முன்னாடி போயிட்டான். எங்க ஆளுங்க அஞ்சு பேரு, தினமும் இரும்பு தூக்கறவனுங்க, பொம்மை மாதிரி நின்னாங்க... நானா? நானும் ஓடிப்போயி நின்னேன். ஆறு பேரு... உங்கப்பாதான் பின்னாடி வர்றவங்க மோதிடக்கூடாதுன்னு வண்டியைக் குறுக்க நிறுத்தினாரு. 'இன்ஜினை அணை. நீ இங்க பிடி, நீ அங்க பிடி, நான் சொன்னதும் தூக்கு'ன்னாரு... இல்ல, அவர் விரல்கூட வைக்கல. சத்தியமா... அப்புறம் சூப்பர்வைசரைப் பின்னாடி உக்கார வெச்சு, ஒரு குலுக்கல் இல்லாம கொண்டுவந்து சேத்துட்டாரு... கணுக்கால்தான். உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருக்கோம். பாத்துக்க."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்து, லைன் இருக்கிறதா என்று பார்த்தான்.

"ஹலோ?... அழறியா?... இல்ல, ஜலதோஷம். சரி... கோபமா?... சரி, அதுவும் இல்ல... இன்னொரு ரவுண்டு போகட்டுமா? நீ வேணாம்னா இறக்கிடறேன்... மெதுவாவா? சரி, சொல்றேன்... பேசணுமா? இரு."

அவன் வேலியோரமாகவே நடந்து வண்டிகள் புறப்படும் கோட்டுக்குப் போனான். மாமா காது வரை சேறு தெறித்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். போனை நீட்டினான். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"பேச மாட்டாராம்... கோபமெல்லாம் இல்ல. ஓட்டும்போது போன் பேசக்கூடாதாம்... நின்னுக்கிட்டுதான் இருக்கு. இன்ஜின் ஓடிக்கிட்டிருக்குல்ல, அதனாலயாம்... என்ன மாமா?... ஒரு நிமிஷம்மா. ஏறச் சொல்றாரு... என்னையத்தான்... பின்னாடிதான்... இல்ல, என்னை எதுவும் கேக்கல, 'ஏறுங்க, நேரமாச்சு'ன்னாரு... ஆமா, பிடிச்சுக்கறேன்... ரெண்டு கையாலயும்... அப்ப போனை எதுல பிடிக்கறது? வெச்சிடறேன்."